பழைய கணக்கில் எவ்வளவு?

90களில் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த யாரிடமாவது 'ஃபைவ் சி' பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கேஷ், கார், கிரெடிட் கார்டு, கொண்டோமினியம், கன்ட்ரி கிளப். ஐந்தும் இருந்தால் ஆள் ஜெயித்துவிட்டார்!

அதற்கு முந்தைய தலைமுறைக்குச் சொந்த வீட்டுச் சாவியே பெரிது. வீவக 1964ல் சொந்த வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்திலேயே வீடு வாங்க முடிந்தது. கம்பத்திலும் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பிலும் இருந்தவர்களுக்கு அது சின்ன ஆசை இல்லை.

என் வயதுக்காரர்கள் முதலில் கைவிட்டது காரைத்தான். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணமே 100,000 வெள்ளியைத் தாண்டியது. காருக்கு இல்லைங்க, அதைப் பத்து ஆண்டு வைத்திருக்கும் உரிமைக்கு! கன்ட்ரி கிளப் யாருக்கும் ஞாபகமே இல்லை. இப்போது பிடித்த வேலை, நிம்மதி, நேரத்தோடு வீடு திரும்புவது என்றுதான் பேச்சு. வானொலியில் இதைத் தொட்டாலே நேயர்களின் குறுஞ்செய்திகள் குவிகின்றன.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும் வரைதான் அந்தப் பேச்சு.

பிஎஸ்எல்இ தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012ல் நிறுத்தியது. 2021ல் டி-ஸ்கோர் போனது. அந்தப் பழைய முறையில், மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து நம் பிள்ளையின் புள்ளி மாறும். இப்போது 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு எடுத்தாலும் சரி. நான்கு பாடங்களையும் கூட்டினால் சிறந்தது 4, கடைசி 32. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை.

முடிவு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "பழைய கணக்கில் எவ்வளவு வரும்?"

துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2017/18ல் 1.4 பில்லியன் வெள்ளி செலவிட்டன. 2023ல் அது 1.8 பில்லியன். தேர்வு முறை இளகியிருக்கிறது, செலவு இறுகியிருக்கிறது.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐடிஇ முடித்தவருக்கும் பட்டதாரிக்கும் உள்ள சம்பள இடைவெளி கற்பனை இல்லை. ஐடிஇ முடித்த 30 வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் 5,000 வெள்ளி, முடித்தால் மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்ததே அதனால்தான். அந்த இடைவெளி குறையாமல், 'மதிப்பெண் முக்கியமில்லை கண்ணு' என்று சொன்னால் பிள்ளையே நம்பாது.

நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கான படிவத்தில் ஆறு இடங்கள் இருக்கின்றன. ஒரே புள்ளியில் பலர் நின்றால், எந்தப் பள்ளியை முன்னால் எழுதினோம் என்பதையும் பார்க்கிறார்கள். அந்த முதல் இடத்தில் எதை எழுதுவது என்று அத்தை, மாமா, துணைப்பாட ஆசிரியர் எல்லாரையும் கேட்டிருப்பீர்கள். பிள்ளையிடம் கேட்டீர்களா?