இமையோர நோயும் இழந்த கூலியும்

கண் சிவந்த தொழிலாளியைக் கண்டால் ஆலை கேட்டிலேயே நிறுத்தி, "உனக்கு மெட்ராஸ் ஐ, நாலு நாள் கழித்து வா" என்று திருப்பியனுப்புகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒட்டுகிற நோய் என்றால் ஒதுங்கியிருப்பது சரிதான். அந்த நாலு நாள் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். வந்திருப்பது மெட்ராஸ் ஐதான் என்று முடிவு செய்தவர் யார்? காவலாளியா, மேஸ்திரியா?

தோழர்களே! மாதக்கணக்கில் கண் எரிகிறது, அரிக்கிறது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. இமைமயிரின் அடியில் தவிடு போலச் செதிள் படிகிறது. மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்றால், அது பெரும்பாலும் இமையோர அழற்சி. டாக்டர்கள் பிளெஃபரைட்டிஸ் என்பார்கள். மெட்ராஸ் ஐ திடீரென வரும், நீர் கொட்டும், பக்கத்திலிருப்பவனையும் பிடிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இதுவோ வந்து தங்குகிற நோய்; பிறருக்கு ஒட்டுவதில்லை. ஒட்டாத நோய்க்காக ஒருவன் கூலியை இழப்பது எந்த ஊர் நியாயம்?

இது எப்படி வருகிறது? இமையோரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. மேலிமையில் ஏறக்குறைய 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. 1666இல் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இவை கசிகிற எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்து அது வற்றாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகிச் சுரப்பியின் வாய் அடைத்தால் கண் காய்கிறது, எரிகிறது, கட்டியும் கிளம்புகிறது. தலையில் பொடுகு உள்ளவர்களுக்கும், மயிர்க்காலில் கிருமியோ டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியோ பெருகியவர்களுக்கும் இமையோரம் சிவந்து தடிக்கும். பஞ்சுத் தூசியும் புகையும் எரிச்சலை மேலும் கிளறிவிடும். இதில் திருஷ்டிக்கு எங்கே இடம்? மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டால் அந்தப் புகையும் கண்ணுக்குத்தான் கேடு!

வைத்தியம் மலிவானது. கை கழுவிவிட்டு, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தோல் பொறுக்கும் சூட்டில் மூடிய இமை மீது ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கவேண்டும். ஆற ஆற மறுபடி நனைக்கவேண்டும். உறைந்த எண்ணெய் இளகும். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, கொதித்தாறிய நீரில் குழந்தை ஷாம்பூ சில துளி கலந்து இமையோரத்தைத் துடைக்கவேண்டும். தொல்லை மிகுந்த நாட்களில் இருவேளை, அடங்கிய பிறகு ஒருவேளை. பாட்டிமார் விரலை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்துக் கண்கட்டியில் ஒற்றியது முழு மூடத்தனமல்ல. சூடு சரி, ஆனால் அது போதவில்லை, விரலின் அழுக்கும் கூடவே போயிற்று.

ஒரே மாதத்தில் வேரோடு போய்விடும் என்று எவனாவது சொன்னால் நம்பவேண்டாம். பல் துலக்குவதுபோல் நாள்தோறும் செய்து அடக்கி வைக்கிற நோய் இது.

நாம் மிகவும் அஞ்சுவது மருந்துக்கடைச் சொட்டு மருந்தைத்தான். கேட்டவுடன் சிலர் ஸ்டீராய்டு கலந்த சொட்டைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் சிவப்பு மறையும். தொழிலாளியும் மகிழ்ந்து வேலைக்குப் போவான். மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். அந்த அழுத்தம் வலியில்லாமலே பார்வை நரம்பைத் தின்னும்; போன பார்வை திரும்பாது. டாக்டர் பார்த்துக் குறுகிய காலத்துக்கு எழுதித் தருவது வேறு, கடைக்காரர் தருவது வேறு.

பார்வை மங்கினாலும், வெளிச்சம் கூசினாலும், வலித்தாலும் தாமதிக்கக்கூடாது. ஒரு கண்ணில் மட்டும் ஆறாமல் நீடித்து, கட்டி தடித்து, இமைமயிர் உதிர்ந்தால் அது புற்றாகவும் இருக்கக்கூடும். சென்னைத் தோழர்களுக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஆனால் வெந்நீருக்கும் பத்து நிமிடத்துக்கும் தொழிலாளி எங்கே போவான்? கழுவும் வசதி செய்து தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 42ஆம் பிரிவில் எழுதியது. 2020 சட்டத்தொகுப்பும் அதைச் சொல்கிறது. பல இடங்களில் துருப்பிடித்த ஒரு குழாய்தான் அந்த வசதி! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சங்கத் தோழர்கள் இவற்றைச் சேர்க்கட்டும்: ஷிப்டு முடிவில் சோப்பும் சுத்த நீரும், தூசிப் பகுதியில் கண்ணாடி, கண் சிவந்தவனைத் திருப்பியனுப்பும் முன் டாக்டர் சோதனை, ஓய்வு தேவை என்றால் கூலியோடு ஓய்வு.