பாரதமும் கோதுமைப் பணமும்

ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் பரமேச்வரவர்மன், காஞ்சியை அடுத்த கூரத்துக் கோயிலுக்கு மானியம் விட்டபோது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கினான். செப்பேடு சொல்கிறது. எங்கோ அஸ்தினாபுரத்து அரசியல். கேட்டவர்களோ கூரத்துக் குடிகள். மானியம் ராஜாவுடையது என்பதற்காக, ராஜாக்கள் செய்ததெல்லாம் நியாயம் என்று பாரதம் சொல்லிவிடவில்லை.

1964-ல் ஹைதராபாத்தில் அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. அமெரிக்கா நமக்குக் கோதுமையை ரூபாய்க்கு விற்று, அந்த ரூபாயை இங்கேயே செலவழித்த காலம். நிலையத்துக்கும் அதில் கொஞ்சம் போயிற்று. அவர்கள் உப்பைத் தின்றுவிட்டு அவர்களையே ஆராய முடியுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. டில்லியில் அமெரிக்க அரசியல் போதித்த பேராசிரியர் எம். எஸ். வெங்கடரமணி, 1943-ல் வங்காளம் பட்டினியால் மடிந்தபோது வாஷிங்டன் என்ன செய்தது என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். அது நம் வீட்டுக் கேள்வி. பிறத்தியார் அரசியலைப் படிப்பது வேறு எதற்காக?

என் கோபமெல்லாம் நோட்ஸ் வாத்தியார்கள்மேல்தான். செனட்டில் நூறு பேர், ராஜ்யத்துக்கு இருவர் என்று ஒப்பிக்க வைத்து, பட்டமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் அமெரிக்க வரி 50 சதவிகிதமாயிற்று. வரி போடும் அதிகாரம் அங்கே காங்கிரஸுக்கு அல்லவா, அதிபர் எப்படிப் போட்டார் என்று காஞ்சிபுரத்து ஜவுளி வியாபாரி கேட்டால், நம் எம்.ஏ. பிள்ளையாண்டான் செனட்டில் நூறு பேர் என்றுதான் சொல்வான்.