செவ்வாயில் நின்று நின்று ஓடிய பொறி

யந்திரங்களினுள்ளே பொதிந்து வைக்கப்படும் கணிப்பொறியின் வேலையைப் பல பணிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை வகுப்பது நிபுணர் வழக்கம். அப்பகுப்பிலே குற்றம் நேர்ந்தால் அதனைக் காண்பது எங்ஙனம்? இவ்வாரம் அதுபற்றிச் சிறிது பேசுவோம்.

1997 யூலை 4ஆந் திகதி அமெரிக்காவின் பாத்பைண்டர் கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிற்று. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. நின்றபோதெல்லாம் அன்றைய எஞ்சிய வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. ஒரு மாதத்துக்கெனத் திட்டமிட்ட கலத்துக்கு ஒவ்வொரு நாளும் பொன்னன்றோ! பல கோடி மைல்களுக்கு அப்பால் உள்ள பொறியைத் திறந்து பார்ப்பார் யார்?

நல்லகாலமாக, நிகழ்ச்சிகளைப் பதியும் வசதியொன்று அம்மென்பொருளிலே இருந்தது. எப்பணி எப்போது ஓடியது, எது எதற்காகக் காத்து நின்றது என்பவற்றை அது வரிசையாகக் குறித்து வைக்கும். கலிபோர்னியாவிலுள்ள ஆய்வுகூடத்தில் கலத்தின் நேர்ப்படி ஒன்றினை அவ்வசதியுடன் ஓடவிட்டனர். நிறுத்தம் அங்கும் நிகழ்ந்தது. பதிவும் கையிற் கிடைத்தது.

கிணற்றடியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளது ஒரே வாளி. எளியவன் ஒருவன் நீர் அள்ளிக்கொண்டிருக்கிறான். ஊர்ப் பெரியவர் வாளிக்குக் காத்து நிற்கிறார். அவ்வேளை இடைத்தரத்தான் ஒருவன், வாளி கையிலிருக்கவே எளியவனை வேறு அலுவலுக்கு இழுத்துச் செல்கிறான். பெரியவர் காத்தே நிற்கிறார்! வானிலை அளக்கும் தாழ்ந்த பணியே அவ்வெளியவன். கருவிகளின் தரவுகளைப் பகிர்ந்தளிக்கும் உயர்ந்த பணியே அப்பெரியவர். உயர்ந்த பணி குறித்த நேரத்தில் முடியாமை கண்ட காவற்பணி, ஏதோ பெருங்கேடு என்றெண்ணிப் பொறியையே நிறுத்தித் தொடங்கியது.

பரிகாரம் முன்னரே அறியப்பட்டதுதான். வாளி வைத்திருப்பவனுக்கு, அதனை விடும்வரை, காத்திருப்பவரின் முன்னுரிமையையே இரவலாகக் கொடுத்துவிடுவது. ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகிய மூவர் 1990இல் இதனை விரிவாக எழுதினர். அவ்வேற்பாடு கலத்தின் மென்பொருளிலும் இருந்தது. அவ்விடத்தில் இயக்கப்படாமற் கிடந்தது. பூமியிலிருந்து சிறு திருத்தம் அனுப்பி அதனை இயக்கினர்.

ஏவுமுன் நடந்த சோதனைகளிலும் இந்நிறுத்தம் ஓரிருமுறை தலைகாட்டியதாம். மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலாமையால் ஒதுக்கிவைத்தனர். எமக்கு இதுவே இக்கதையின் உறுத்தும் பகுதி. பதிவு வசதியை வீண்சுமையென்று கழற்றிவிடாது கலத்துடனே அனுப்பியதைப் பாராட்டாதிருக்கவும் முடியவில்லை.

1997 செப்டெம்பர் 27 வரை கலம் தகவல் தந்தது. காற்று, வெப்பம், அமுக்கம் பற்றி அது அனுப்பிய அளவீடுகள் 85 இலட்சம். அவையெல்லாம் அந்த எளியவன் அள்ளிய நீரே.