கடைமடைக்கு வராத நூலகம்

டெல்டாவில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை: மேட்டூர் நிரம்பினாலே கடைமடை விளைந்துவிடாது. நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அவ்வளவுதான். நம்முடைய நூல்களை இணையத்தில் ஏற்றும் லட்சணமும் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்கேன் செய்கிறோம், பிடிஎஃப் ஆக்கிப் போடுகிறோம், வேலை முடிந்தது என்கிறோம். எங்கே முடிந்தது? படமாகக் கிடக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவரின் கருவி அதைப் படித்துக் காட்டாது. மென்பொருளை வைத்து எழுத்தாக மாற்றினால், துணைக்காலை ‘ர’ என்கிறது; 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னைகளைக் கண்டால் தடுமாறுகிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாகவே சொல்கிறேன்: கடைசித் திருத்தத்துக்கு மனிதக் கண் வேண்டும். நிறையக் கண்கள்.

அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் ஸ்கேன், இன்னொரு பக்கம் எழுத்து. ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகும்.

இதை எங்கள் பக்கத்து நூலகர் ஒருவரிடம் சொன்னேன். “வாசகர் கையில குடுத்தா தப்பும் தவறுமா ஆயிடும் தம்பி” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. படித்தவர்களே இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களோடுதான் என் சண்டை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். ஒரே ஏட்டை நம்பி உட்கார்ந்தாரா? பல ஏடுகளைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டார். சமண மரபு பிடிபடாதபோது அவ்வூர்ச் சமணர்களிடமே போய்க் கேட்டார். பிழை குறைந்தது கதவைச் சாத்தியதால் அல்ல, பலரிடம் கேட்டதால். அரசர்களின் சொத்தாக இருந்த தஞ்சை சரசுவதி மகாலே 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதுதானே?

நான் கேட்பது சின்ன விஷயம். கிளை நூலகத்தில் வாரம் ஒரு மாலை, இரண்டு கணினி, பத்துப் பக்கம். கல்லூரிப் பெண் தட்டச்சு செய்யட்டும். பேப்பர் படிக்க வரும் பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும். ‘குறுவை’ ‘குருவை’ ஆகியிருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும். அன்றைக்கு அவர் வாசகர் மட்டுமல்ல, பதிப்பாசிரியரும்தான்.

தண்ணீர் வருமுன் ஊரே மண்வெட்டி தூக்கி வாய்க்காலைத் தூர் வாருவதற்குக் குடிமராமத்து என்று பெயர். நீங்கள் கடைசியாக இறக்கிப் படிக்காமல் வைத்திருக்கும் நாட்டுடைமை நூல் எது? இன்று ராத்திரி அதில் ஒரு பக்கம் திருத்துங்கள். மண்வெட்டி உங்கள் கையில்தான் இருக்கிறது.