தோட்டத்துக் கணக்கும் தேவ கிருபையும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோருக்குக் கணக்கு என்பது புதியதன்று. காலையிற் பிரட்டுக்களத்திலே பெயர் பதியப்படுகிறது. பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. குறித்த நிறைக்குக் குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகி விடுகிறது. உழைத்த அளவுக்கே ஊதியம் என்னும் விதி நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஆகையினால் கிருபையைப் பற்றி ஆலயத்திலே கேட்கும்போது தலையசைக்கிறோமேயன்றி, அதை மெய்யென முழுமனத்தோடு ஏற்றுக்கொள்வதில்லை. ஆண்டவரையும் ஒரு பெரிய கணக்கப்பிள்ளையாகவே எண்ணிவிடுகிறோம். இத்தனை ஜெபம், இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை. ஆதலால் இத்தனை நன்மை வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். துன்பம் வந்தாலோ, எந்தக் குற்றத்துக்காகப் பேர் வெட்டப்பட்டது என்று தேடத் தொடங்குகிறோம்.

அன்பார்ந்த வாசகர்களே, கிருபை என்னும் சொல்லின் பொருளைச் சற்றே சிந்திப்போம். முன்னாளிற் கத்தோலிக்கர் தங்கள் ஜெபங்களிலே இதனைப் 'பிரியதத்தம்' என்று வழங்கினர். இன்று 'அருள்' என்கின்றனர். பழைய சொல் இன்று வழக்கொழிந்து போனாலும் அதன் பொருள் மிகத் தெளிவானது. தத்தம் என்பது கொடை. பிரியத்தினாற் கொடுக்கப்பட்ட கொடையே பிரியதத்தம். பெறுகிறவனுடைய தகுதியினாலன்று, கொடுக்கிறவருடைய அன்பினாலேயே அது வருகிறது.

இயேசு பெருமான் இதனை விளக்குவதற்குத் தோட்டத்தையே எடுத்துக்கொண்டார். மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்திலே வருகிற திராட்சத் தோட்டத்து எஜமான் அதிகாலையிலே சிலரை வேலைக்கு அமர்த்துகிறான். பின்னர் பலமுறை சந்தைவெளிக்குச் சென்று, பொழுது சாய ஒரு மணிநேரம் இருக்கையிலும் ஆட்களை அழைத்து வருகிறான். மாலையில் எல்லோருக்கும் ஒரே நாட்கூலி கிடைக்கிறது. நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்களுடைய மனத்தாங்கல் நம் தோட்ட மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆனால் கடைசியில் வந்தவனுடைய வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரியவேண்டும் அல்லவா? எஜமானுடைய கண் உழைத்த நேரத்தை மட்டும் பார்க்கவில்லை. பசித்த வயிற்றையும் பார்த்தது.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை. உரியதை உரியவனுக்குக் கொடுத்த பின்னரே எஜமானுடைய தாராளம் தொடங்குகிறது. உழைத்தவனுக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு அதனைத் தயவு என்று சொல்லுதல் கிருபையாகாது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையைப் போதித்தலோ அதனினும் கொடியது.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு உணவும் உடையும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தன. கொடுத்தவர்கள் இனமும் மதமும் கேட்கவில்லை. அது கிருபையின் சாயல். ஆனால் அந்த நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆபத்தில்லாத இடத்திலே ஒரு வீடு என்பது அம்மக்களுக்கு முன்னமே சேரவேண்டிய உரிமை. கொடையாக வந்த சோற்றுக்கு நன்றி சொல்லும் வாயே, உரிமையாகிய வீட்டைக் கேட்கவும் கூசலாகாது.

அப்படியானால் கிருபையைப் பெற்றவன் எவ்வாறு வாழவேண்டும்? இதற்கும் நம் மலைநாட்டுச் சரித்திரத்திலே ஓர் உவமை உண்டு. முற்காலத்திலே 'துண்டு' என்னும் முறை இருந்தது. தமிழகத்திலிருந்து புறப்படும்போதே முன்பணத்தினாற் கடனாளியான தொழிலாளியின் கடன்தொகை ஒரு சீட்டிலே எழுதப்படும். அவனை அழைத்துக்கொள்ள விரும்பும் வேறு தோட்டத்தார் அத்தொகையைக் கட்டவேண்டும். கட்டினாலும் அவன் விடுதலை பெறவில்லை; கடன் புதிய இடத்துக்குக் கைமாறியது, அவ்வளவுதான். 1921ஆம் ஆண்டிலே சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது.

சிலுவையிலே நடந்தது கைமாற்றம் அன்று. நமக்கு எதிரான கடன்சீட்டு அங்கே அழிக்கப்பட்டது என்று பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதுகிறார். ஆயினும் தன் கடன் தீர்ந்தவன் அயலானுடைய துண்டைப் பெட்டியிலே பூட்டிவைத்திருப்பது உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்து ஊழியனுக்குப் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாட்கூலி. ஆகவே மொத்தம் 6 கோடி நாட்கூலி. அவனோ வெளியே வந்தவுடன் 100 நாட்கூலிக்காக உடன் ஊழியனுடைய கழுத்தை நெரித்தான்.

நம் வீடுகளிலும் இத்தகைய துண்டுகள் இல்லையா? கல்யாணத்தில் வைக்காத சீர், சாவுக்கு வராத உறவு, எப்போதோ சொன்ன ஒரு சுடுசொல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்காக எழுதிவைத்து வட்டி வளர்க்கிறோம். மாமியும் மருமகளும், அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் முழங்காலிடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பதவியிலும் இக்கணக்கு உண்டு. 1972ஆம் ஆண்டிலே பதுளை மறைமாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது, 1959 முதல் கண்டியில் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, நெடுங்காலமாக நிலைபெற்றிருந்த அந்த மறைமாவட்டத்தை விட்டு இங்கே முதல் ஆயராக வந்தார். உலகக் கணக்கின்படி அது இறக்கம். தமக்கு வந்ததெல்லாம் கொடையென்று அறிந்தவருக்கு ஏற்றமேது, இறக்கமேது?

இவ்வாரம் ஒரு காரியம் செய்வோம். நாம் உள்ளத்திலே வைத்திருக்கும் பழைய துண்டுகளில் ஒன்றையாவது எடுத்துக் கிழித்தெறிவோம். கடன்பட்டவர் வந்து கேட்கும்வரை காத்திராமல், நாமே அவர் வாசலுக்குச் சென்று ஒரு நல்வார்த்தை பேசுவோம்.