பட்டியில் எடுத்த இரத்தத்தின் முடிவு பட்டிக்கு வரவேண்டும்

கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பற்றிய ஆய்வு குறித்து வண்ணாத்திவில்லு கால்நடை வளர்ப்போரின் நிலைப்பாடு

எங்கள் பட்டிகளில் இந்த ஆய்வுகள் நடக்கட்டும் என்பதே எமது நிலைப்பாடு. இரத்தமும் பாலும் எடுத்துப்போய் முடிவைச் சொல்லாமலே விட்டுவிடும் ஆய்வுக்கு மட்டும் நாம் இணங்கமாட்டோம்.

இத்தகைய ஆய்வின் தேவையை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கங்கேவாடியில் களப்பைச் சேரும் கலா ஓயாவை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் மகாவலி எச் வலயம் வரும். 1980களில் அங்கே நெல் விவசாயிகளிடையே பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. நல்ல எண்ணம்தான், ஆனால் நுளம்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பன்றியையும் கடித்தது, பக்கத்தில் குடியிருந்தவர்களையும் கடித்தது. 1985க்கும் 1988க்கும் இடையில் அநுராதபுரம் பக்கம் அவ்வழியே தொற்றும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி நூற்றுக்கணக்கானோரைத் தாக்கியது, பலர் இறந்தனர். வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நுளம்பையும் பன்றியையும் நோயாளியையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தார்கள். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் இதே பீரிஸ்தான். 1988இல் நோய் கண்ட பகுதிகளின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. மிருக வைத்தியரும் மனித வைத்தியரும் திட்டம் தொடங்குமுன் ஒரே மேசையில் இருந்திருந்தால் பாதிப்பு இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறோம்.

எமது பிரதேசத்தில் எம்மை அதிகம் கவலைப்படுத்துவது புரூசெல்லா நோய். சினைப்பசு மாதம் நிறையுமுன் கன்று வீசிவிடும். வெறுங்கையால் கன்றை இழுக்கிறோம், இளங்கொடியை அள்ளிப் போடுகிறோம். கிருமி நிறைந்திருப்பது அங்கேதான். கையிலுள்ள சிறு வெட்டுக்காயம் போதும். காய்ச்சாத பாலாலும் அது வரும். தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சித்தான் உறை போடுகிறோம், அதனால் அங்கே அச்சமில்லை. கறந்த கையோடு பிள்ளைக்குக் கொடுக்கும் பச்சைப்பாலில்தான் அச்சம். தொற்றியவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி. வேலைக் களைப்பென்று பனடோல் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. சரியாகக் கண்டுபிடித்தால் சுமார் ஆறு வார மருந்தில் குணமாகும். மாட்டுக்கு அப்படிச் சிகிச்சை செய்வதில்லை. நோயுற்ற மாட்டை ஒதுக்கவேண்டும். நாகு கன்றுகளுக்கு எஸ் 19 தடுப்பூசி இருக்கிறது.

எலிக்காய்ச்சலுக்கு எலியை மட்டும் குற்றஞ்சாட்டிப் பழகிவிட்டோம். மாடும் எருமையும் சிறுநீர் வழியே அந்தக் கிருமியைத் தண்ணீரில் விடும். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். காட்டோர வில்லுகளில் எருமை படுக்கும் அதே நீரில்தான் நாமும் கால் வைக்கிறோம்.

ஆடு வளர்ப்போர் நெதர்லாந்தின் கதையை அறிந்திருக்கவேண்டும். 2007இல் அந்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் கியூ காய்ச்சல் பரவியது. பாலாட்டுப் பண்ணைகளில் குட்டி வீசியபோது வெளியான கிருமி காற்றில் பறந்து, ஆட்டைத் தொடாதவர்களையும் பிடித்தது. விவசாயத் துறையும் சுகாதாரத் துறையும் இழுபறிப்பட்டு, 2009 டிசம்பரில்தான் கடும் நடவடிக்கைக்கு வந்தன. 50,000க்கும் மேற்பட்ட சினையாடுகள் கொல்லப்பட்டன. நோயாளிகள் 4,000ஐத் தாண்டினர். வசதியும் ஆய்வுகூடங்களும் நிறைந்த நாட்டுக்கே தாமதம் இவ்வளவு செலவு வைத்தது.

ஆகவே நாம் கேட்பவை இவை. கால்நடை வைத்தியர் அலுவலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் எமது பிரதேசத்துக்கென ஒரே பதிவேட்டைப் பேணட்டும். ஒரு வீட்டில் எலிக்காய்ச்சல் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் (பீ.எச்.ஐ.) கால்நடை வைத்தியரும் பட்டிக்கு வரட்டும். பட்டியில் புரூசெல்லா என்றால் அந்த வீட்டாரின் இரத்தமும் பார்க்கப்படட்டும். இப்போது மாட்டின் இரத்தம் கன்னொருவ மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியிலும் மனிதனின் இரத்தம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியிலும் போகின்றன. இரண்டு முடிவுகளும் சந்திக்கும் இடம் பிரதேசத்திலேயே இருக்கவேண்டும்.

முடிவு முதலில் உரிமையாளருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத்தில் வரவேண்டும். ஊர்ப் பெயரை மூடி மறைக்கும்படி நாம் கேட்கவில்லை. அயலவருக்குத் தெரியத்தான் வேண்டும். வீட்டுக்காரர் அறியுமுன் பத்திரிகைக்குப் போவதையே கூடாதென்கிறோம். ஒதுக்கச் சொல்லும் மாட்டுக்கு நட்டஈடு என்ன, எப்போது என்பதை மாதிரி எடுக்கவரும் அன்றே சொல்லுங்கள். அதைச் சொல்லாதவரை நோயுள்ள மாடு இரவோடிரவாக லொறியேறும். எந்த ஆய்வும் அதைப் பிடிக்கமுடியாது.

அந்த லொறியில் ஏற்றுவது நாமே. கன்று வீசிய பசுவை அடுத்த ஊருக்கு விற்பதையும், ஹஜ் பெருநாள் நெருங்குகையில் உழ்ஹிய்யாப் பலிக்கு நல்ல விலை வருகிறதென்று நோயை மறைப்பதையும் எமது அங்கத்தவர்கள் நிறுத்தவேண்டும். உழ்ஹிய்யாவுக்குக் கொடுக்கும் பிராணி நோயற்றதாக இருக்கவேண்டும் என்பது மார்க்கமும் சொல்வதுதான். இளங்கொடியைச் சாக்கில் கட்டி மரத்தில் தொங்கவிடுவோர் அதை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கட்டும். கையுறை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையையாவது கையில் மாட்டுங்கள்.

உங்கள் பசுவோ ஆடோ குறைமாதத்தில் வீசினால் அன்றைக்கே கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால், வீட்டில் கால்நடை உண்டென்பதை வைத்தியர் கேட்குமுன்னே சொல்லுங்கள்.