பாளைக்கத்தியைக் கல்லில் அடித்த வீரம்

யப்பானிய வாளையும் நெடுந்தீவுக் கத்தியையும் சோதித்துத் தீர்ப்பு வழங்கி நண்பர் ஒருவர் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாள் வைத்திருப்பவரோடு வாக்குவாதம் எதற்கு? ஆனால் கட்டுரையின் முடிவில் அவர் தீவுப்பகுதிக் கம்மாலைகளை மூடச் சொல்கிறார். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர் செய்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். ஸ்காபரோவில் வீட்டின் பின்வளவில், புதிதாக வாங்கிய யப்பானிய பாணி வாளால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல்களை வெட்டினார். நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டினார். பைன் பலகையை வெட்டினார். கொங்கிரீட் கல்லில் ஒரே ஒரு போடு போட்டார். பிறகு வாளை வைஸில் பூட்டிப் பக்கவாட்டில் வளைத்தார். விட்டதும் அது நிமிர்ந்து நேரானது. அடுத்த கோடை விடுமுறையில் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனார். அங்கே ஒரு பாளைக்கத்தியை வாங்கி முருகைக்கல் வேலியில் ஓங்கி அடித்தார். வாயில் ஒரு துண்டு பெயர்ந்தது. இவ்வளவுதான் சோதனை. இதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் மூன்று: சாமுராய் உருக்குக்கு நிகரில்லை, தீவுக் கொல்லருக்கு உருக்கு என்றால் என்னவென்றே தெரியாது, ஆகவே ஊர்ச்சங்கங்கள் காசு சேர்த்து வெளிநாட்டுக் கத்திகளை அனுப்ப வேண்டும்.

ஒன்றைப் போத்தலில் சோதித்தார், மற்றதைக் கல்லில் சோதித்தார். இதைச் சுட்டிக்காட்டினால் "வாளையும் கொங்கிரீட்டில் அடித்தேனே" என்பார். அடித்தார்தான். அடித்த பிறகு வாயில் "சிறு காயம்" இருந்தது என்றும், தீட்டிச் சரிசெய்துவிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். வாளுக்கு வந்தால் சிறு காயம், கத்திக்கு வந்தால் கொல்லனின் அறியாமை! கட்டுரையோடு வந்த படத்தில் வாளின் முதுகுதான் தெரிகிறது. காயம்பட்ட வாய் எங்கே?

பாளைக்கத்தி எதற்கென்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவரும் பனைக்கு நடுவில் பிறந்தவர்தான். சீவல் தொழிலாளி அதைக்கொண்டு பாளையின் நுனியைத் தாள்போல மெல்லிசாகச் சீவுகிறார். வெட்டு நசிந்தால் கள் வடிவது குறையும். ஆகவே அந்த வாய் மெல்லிசாகவும் கடினமாகவும் இருந்தே ஆகவேண்டும். மரம் பிளக்கும் வாய்க்குச் சரிவு அதிகம், பின்னால் தசை அதிகம். மெல்லிய வாய் கல்லில் பட்டால் பெயரும். பெயராமல் இருந்தால்தான் கொல்லர் ஏமாற்றிவிட்டார் என்று பொருள். மென்மையான இரும்பில் செய்திருந்தால் அந்த வாய் பெயராது, மடங்கியிருக்கும். நண்பரும் அதைத் திறமான கத்தி என்று எழுதியிருப்பார். அந்தக் கத்தியால் ஒரு பாளையும் சீவமுடியாது.

இனி அவருக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு, அந்த வைஸுக்கு, வருவோம். வளைத்து விட்டால் நிமிர்கிறதாம். அதனால் அது சாமுராய் உருக்காம். இதைவிடப் பெரிய தலைகீழ் வாதத்தை நான் அண்மையில் வாசித்ததில்லை.

மரபான யப்பானிய வாள் அப்படி நிமிராது. சிமானே பகுதியின் ஆற்றுமணலிலும் மலைமணலிலும் கிடைக்கும் இரும்புத்துகளைத் தத்தாரா என்ற களிமண் உலையில் கரியோடு இட்டு உருக்கி எடுப்பது தமாகாகானே என்னும் உருக்கு. அதில் வாள் அடித்து முடித்ததும் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ப்பார்கள். மெல்லிசாகப் பூசிய வாய் சட்டென்று குளிர்ந்து கண்ணாடிக் கடினம் பெறுகிறது. தடிப்பாகப் பூசிய முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நின்றுவிடுகிறது. வாளின் வளைவில் பெரும்பகுதி அந்தத் தோய்ச்சலில் வருவதுதான். வாயோரம் மேகம்போல ஓடும் வெள்ளைக்கோடும் அதன் அடையாளமே. இப்படிச் செய்த வாளைப் பலமாக வளைத்தால் மென்மையான முதுகு வளைந்தபடியே நின்றுவிடும். பிறகு ஒருவர் உட்கார்ந்து அதை நிமிர்த்த வேண்டும். வைஸில் நிமிர்ந்த கணத்திலேயே நண்பரின் வாள் தான் சாமுராய் உருக்கு இல்லை என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

அப்படியானால் அது என்ன? அவரே பெருமையோடு எழுதியிருக்கிறார்: 9260. ஏதோ மந்திர எண்போல இரண்டு இடத்தில் வருகிறது. அமெரிக்கத் தரவரிசையில் அது சிலிக்கன் கலந்த வில்லுருக்கு. கரிமம் ஏறத்தாழ 0.6 சதவீதம், சிலிக்கன் 2 சதவீதம் அளவில். வில்லுருக்கு என்றால் லொறிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் அடுக்கடுக்காகப் பூட்டியிருக்கும் தகடு. அதன் தொழிலே வளைந்து நிமிர்வது. இதற்கு உறவான 5160 என்ற குரோமிய வில்லுருக்கிலும் இதே சந்தைக்கு வாள் அடிக்கிறார்கள். இந்த வாள்களில் பெரும்பாலானவை சீனாவின் செசியாங் மாகாணத்து லோங்சுவான் நகரப் பட்டறைகளிலிருந்து வருகின்றன. அது மோசம் என்று நான் சொல்லவில்லை. வெட்டிப் பழகுபவர்க்கு நல்ல சரக்குத்தான். ஆனால் யப்பானுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. அங்கே உரிமம் பெற்ற கொல்லர் மரபுமுறையில் அடித்துப் பதிவு செய்த வாளுக்குத்தான் இடம். அவரும் மாதத்துக்கு இரண்டு நெடுவாளுக்குமேல் அடிக்கக்கூடாது.

தீவுக் கொல்லர் எதில் கத்தி அடிக்கிறார்? கழித்துப்போட்ட லொறி வில்லுத்தகட்டில். எங்கள் தெருக்களில் ஓடித் தேய்ந்த வண்டிகளில் யப்பான் வண்டிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நண்பரின் வாளைவிடப் பாளைக்கத்திக்கே யப்பானோடு நெருங்கிய சொந்தம் இருக்கும்போலத் தெரிகிறது. ஒரே குடும்பத்து உருக்கு. ஒன்றை எண் சொல்லி விற்கிறார்கள், மற்றது கம்மாலை வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. நண்பர் முன்னதைக் கும்பிட்டுப் பின்னதைக் காறித் துப்பியிருக்கிறார்.

தீவுக் கம்மாலையில் எல்லாம் சரி என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. சிரட்டைக்கரி உலையில், சூட்டை நிறத்தைப் பார்த்தே மதிப்பிட்டு, கண்பார்வையில் தோய்ச்சல் போடுகிறார்கள். ஒருநாள் வாய் அளவுக்குமீறிக் கடினமாகிவிடும், இன்னொருநாள் சப்பையாகிவிடும். பழைய தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். இந்தக் குறையைச் சொல்லி, வெப்பமானி பூட்டிய ஒரு சிறு உலைக்கு ஊர்ச்சங்கம் உதவ வேண்டும் என்று அவர் எழுதியிருந்தால் நானே கையொப்பம் இட்டிருப்பேன்.

நண்பருக்கு யப்பானியர்மேல் உண்மையான மதிப்பு இருந்தால், அவர்கள் வாளை எப்படிச் சோதித்தார்கள் என்று படித்திருக்கலாம். 1853இல் மாட்சுசிரோ என்ற சிற்றரசில் நடந்த சோதனை வாள் வரலாற்றில் பேர்போனது. தைகேய் நாவோதானே என்ற புகழ்பெற்ற கொல்லர் அங்கே ஆயுதங்கள் செய்து கொடுத்திருந்தார். அவை தாங்குமா என்று சந்தேகம் எழுந்தது. அந்தப் பக்கத்துக் கொல்லரான யாமாவுரா சனேஒவின் வாளையும் வைத்து எல்லோர் முன்னிலையிலும் சோதித்தார்கள். வைக்கோல் சுருள், மான்கொம்பு, இரும்புத் தகடு, தலைக்கவசம் என்று படிப்படியாகப் போய், கடைசியில் இரும்புக் கோலால் வாளையே அடித்தார்கள். வாள் அழியும்வரை விடவில்லை. பெயர்பெற்றவரின் ஆயுதங்கள் வளைந்தும் முறிந்தும் தலைகுனிந்தன; சனேஒவின் வாள் நெடுநேரம் தாங்கியது. ஒரே நாள், ஒரே இலக்கு, முறிந்ததையும் மறைக்காத பதிவு. போத்தல் வெட்டிவிட்டு முதுகைப் படம்பிடிக்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

1930களின் இறுதியில், சீனப் போர்க்களத்தில் படையினரின் வாள்களைப் பழுதுபார்க்கப் போன நாருசே கஞ்சி என்பவர் தான் கண்டதை 1940இல் நூலாக்கினார். அலகு முறிந்த வாள்களைவிடக் கைப்பிடி ஆட்டங்கண்ட வாள்களே அவரிடம் மிகுதியாக வந்தன. யப்பானிய வாளின் அலகைக் கைப்பிடியோடு பிணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணி. மரப்பிடிக்குமேல் திருக்கைத்தோல், அதற்குமேல் நாடா. (திருக்கையை எங்கள் தலைமுறைக்கு அதன் வாலடி வழியாகத்தான் தெரியும், அந்த உறுதிச் சோதனையில் நாங்களே பாயாக இருந்தோம்.) நண்பரின் நீண்ட கட்டுரையில் கைப்பிடியைப் பற்றி ஒரு வரி இல்லை. காட்டுவதற்கென்றே செய்யும் சோதனை எப்படி முடியும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில், மலிவான துருப்பிடியா வாளின் உறுதியைக் காட்ட அதை மேசையில் தட்டினார் விற்பனையாளர். அலகு முறிந்து நுனி அவரையே குத்தியது. உலகமே பார்த்துச் சிரித்த அந்தக் காட்சியை நண்பரும் பார்த்திருப்பார்.

அவர் வாயே திறக்காத இன்னொன்று துரு. நெடுந்தீவில் இரும்பின் எதிரி கல் அல்ல, காற்று. சோளகம் தொடங்கினால் உப்பு ஈரம் கதவின் பிணைச்சலையும் சைக்கிள் சங்கிலியையும் தின்கிறது. வாடையில் மழையும் சேர்ந்துகொள்கிறது. 9260 துருப்பிடிக்கும். பழைய யப்பானிய வாளும் துருப்பிடிக்கும். அதனால்தான் கராம்பு மணக்கும் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். யப்பானியக் கடற்படையோ கடலில் மரபான அலகு படும் பாட்டைக் கண்டு, தன் அதிகாரிகளுக்குத் துருவெதிர்ப்பு உருக்கில் வாள் அடித்துக் கொடுத்தது. கடற்காற்றுக்கு முன்னால் யப்பானியர் தங்கள் மரபையே மாற்றிக்கொண்டார்கள் என்றால், அந்தக் காற்றுக்கு நடுவில் கிடக்கும் தீவுக்குப் பொருந்தும் சோதனை எது? சூடேற்றிய நிலக்கீழ் அறையில் உறைக்குள் உறங்கும் வாளைக் கேட்டால் தெரியுமா?

"எங்கள் மண்ணில் உருக்கு மரபே இருக்கவில்லை" என்ற வரியையும் விடமுடியாது. நெடுந்தீவும் நயினாதீவும் சுண்ணாம்புக்கல், முருகைக்கல். இரும்புத்தாது கிடையாது, அது உண்மை. ஆனால் இலங்கையிலேயே, சமனலவாவிப் பகுதியில், பருவக்காற்றைத் துருத்தியாக்கிய உலைகளை கில் யூலெஃப் அகழ்ந்தெடுத்து, மாதிரி உலை கட்டி இயக்கியும் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். முதலாம் ஆயிரமாண்டின் பின்பாதியிலேயே அங்கே கரிமம் மிகுந்த உருக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த உலையிலிருந்து நெடுந்தீவுக் கம்மாலைக்கு நேர்க்கோடு இழுக்க நான் வரவில்லை; அது பழம்பெருமைக்காரர் வேலை. எங்கள் கொல்லர் கப்பலில் வந்த இரும்பை அடித்தவர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோக்குகாவா ஆட்சியாளருக்கு வாள் அடித்த எச்சிசென் யாசுத்சுகு, அந்நியக் கப்பலில் வந்த இரும்பைக் கலந்தடித்து, அதை அலகின் அடித்தண்டில் பெருமையாகப் பொறித்தும் வைத்தார்.

கடைசியாக ஒரு யோசனையையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்: ஊர் இளைஞர் வெட்டிப் பழக இரண்டொரு வாளையும் அனுப்பலாமாம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 'வாள்வெட்டு' என்பது தலைப்புச் செய்தியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வீட்டில் வாளும் பெரிய கத்தியும் வைத்திருப்போர் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசே கேட்டது. அந்த ஊருக்கு வாள் அனுப்ப நினைப்பவர், அதைப் பெறப்போகும் பிள்ளையின் தாயிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

சோதனைதான் வேண்டுமென்றால் வையுங்கள். நண்பர் விரும்பும் வெளிநாட்டுக் கத்தி ஒன்று, லொறித் தகட்டில் அடித்த பாளைக்கத்தி ஒன்று. இரண்டும் நெடுந்தீவில் ஒரே சீவல் தொழிலாளியின் கையில், தை பிறந்து பனைப் பருவம் தொடங்கியதிலிருந்து பருவம் முடியும்வரை இருக்கட்டும். எத்தனை முறை தீட்ட வேண்டியிருந்தது, எங்கே துரு ஏறியது, பிடி எப்போது ஆடியது, பழுதானபோது திருத்த எவ்வளவு செலவு, திருத்த ஆள் எங்கே இருந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிவருவோம். முறிந்தால் முறிந்த பக்கத்தையே படமெடுப்போம். தீர்ப்பைச் சொல்லப்போவது மரமேறியவர். நண்பரோ நானோ அல்ல. வெளிநாட்டுக் கத்தி வென்றால் ஊர்ச்சங்கப் பட்டியலில் என் பெயரில் முதல் ஆயிரம் ரூபாயைப் போட்டுக்கொள்ளலாம். தோற்றால், கல்லில் அடித்துக் கெடுத்தாரே ஒரு கத்தி, அதைத் தீட்டிச் சரிசெய்யும் கூலியை அவர் கம்மாலைக்குப் போய்த் தன் கையால் கொடுக்கட்டும்.